ஆசானா, மாணவனா சிறந்த பயிற்றுவிப்பாளர்?

அமெரிக்க உதைபந்தாட்டம் பந்தைக் கையிலேந்தி முன்னேறும் ஆட்டம். அங்கே ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழக அணிகள் பரம வைரிகள். 1969 முதல் 1978 வரை ஒஹாயோ ஸ்டேட்டை வூடி ஹேய்ஸ் பயிற்றுவித்தார். மிச்சிகனைப் பயிற்றுவித்தவர் போ ஷெம்பெக்லர். முன்னர் ஹேய்ஸிடம் விளையாடி, உதவியாளராகவும் இருந்தவர்.

ஹேய்ஸின் பலம் எளிமை. சில நகர்வுகளையே திரும்பத் திரும்பப் பழக்கி, பந்துடன் நடுவால் ஓடவைத்தே எதிரணியைக் களைக்கச் செய்வார். ஷெம்பெக்லரின் பலம் தடுப்பாட்டம். ஆசானின் நகர்வுகளும் அவருக்கு அத்துப்படி. 1968இல் 50-14 எனத் தோற்ற மிச்சிகன், அவர் பொறுப்பேற்ற மறுவருடமே, முதலிடத்திலிருந்த ஒஹாயோ ஸ்டேட்டை 24-12 என வென்றது. எதிரணி எறிந்த பந்தை ஆறு தடவைகள் இடைமறித்துப் பிடித்தது.

பத்து ஆட்டங்களில் மாணவனுக்கு 5 வெற்றிகள், ஆசானுக்கு 4, ஒன்று சமநிலை. ஆனால் தேசிய சம்பியன் பட்டங்களை வென்றவர் ஆசானே. மாணவனுக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை.

1978 டிசெம்பரில் வேறோர் அணியுடனான ஆட்டத்தில், எதிரணி வீரர் ஒருவரை ஹேய்ஸ் குத்தினார். மறுநாளே பதவி நீக்கப்பட்டார். ஷெம்பெக்லர் 1989 வரை நீடித்தார். பிள்ளைகளுக்கு ஒழுங்கைப் படிப்பித்தவர் தன் கையை அடக்கத் தவறினார். பயிற்றுவிப்பாளர்களை ஒப்பிடும்போது புள்ளிகளுடன் இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.