பின் சந்திலும் வரலாறு உண்டு

செவ்வாய்க்கிழமை கூடிய சந்தையால் பெயர் பெற்றது சேலம் செவ்வாய்ப்பேட்டை. மண்டிகளும் வெள்ளிப் பட்டறைகளும் நிறைந்த இந்தப் பேட்டையில், வணிகக் குடும்பங்களின் பழைய வீடுகளைப் பார்ப்பவர்கள் திண்ணையையும் மரத்தூண்களையும் சுண்ணாம்புக் காரைச் சுவரையும் வியக்கிறார்கள். கட்டியவர் யார், வாங்கியவர் யார் என்பதற்குப் பத்திரம் இருக்கிறது. இத்தகைய வீடுகளை நாம் பின்பக்கமிருந்தும் பார்க்க வேண்டும்.

பழைய நகர வீடு என்றால் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையற்கட்டு, புழக்கடை என நீண்டு கிடக்கும். யார் தெருவோடு நிற்க வேண்டும், யார் திண்ணையில் உட்காரலாம், யார் கூடம்வரை வரலாம் என்பதைச் சாதியே முடிவு செய்தது.

புழக்கடைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ். அதன் பின்சுவரில், தரையை ஒட்டி ஒரு சிறு திறப்பு சந்துப் பக்கம் இருக்கும். மலம் அள்ளுபவர் வீட்டுக்குள் கால் வைக்காமலே வேலையை முடித்துப் போக வேண்டும். அதற்காகவே அந்தத் திறப்பு. தீண்டாமையைச் சுவரிலேயே கட்டி வைத்தார்கள்.

1866-ல் சேலம் நகராட்சியானது. நகராட்சிகள் துப்புரவுக்குச் சம்பளம் கொடுத்தன. அந்த வேலையைச் செய்யும் சாதியை மாற்றவில்லை. நம் பகுதியில் பெரும்பாலும் அருந்ததியர்களே வாளியும் கூடையும் சுமந்தார்கள். அவர்கள் பெயர் எந்த வீட்டுப் பத்திரத்திலும் இல்லை.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எடுப்புக் கக்கூஸைத் தடை செய்யும் சட்டமோ 1993-ல்தான் வந்தது. 2013-ம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாளி போனாலும் தொட்டிச் சாவுகள் தொடர்கின்றன. இந்த உரிமையைச் சேரியில் ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும்.

பழைய வீடுகளை வரைபடமாக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்வாசலோடு நிறுத்தாமல் பின் சந்தின் திறப்பையும் வரையுங்கள். அங்கே வேலை செய்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு பெயரையும் அனுபவத்தையும் எழுதி வையுங்கள். அந்த வீட்டின் வரலாறு அவர்களுக்கும் சொந்தம்.