ஆயாவின் பாட்டு புது கம்ப்யூட்டரில் ஏன் திறக்கவில்லை?



செல்போனில் பாடுகிற பாட்டு சில நேரம் கம்ப்யூட்டரில் பாடமாட்டேன் என்கிறது. பழைய கம்ப்யூட்டரில் திறந்த ஃபைல் புதுசில் திறக்கமாட்டேன் என்கிறது. "ஃபைல் கெட்டுப்போச்சு, அழிச்சிடு" என்று உடனே சொல்லிவிடுகிறோம். நிறைய நேரம் ஃபைல் கெட்டுப்போயிருக்காது. அது ஏன் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இது ஏன் முக்கியம்?

சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் வருவதற்கு முன்னால் எங்கள் ஆயா நடவு வேலைக்குப் போனவங்க. நாற்று நடும்போது பாடுகிற பாட்டெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். 2010-இல் எங்கள் சித்தப்பா தன் பட்டன் போனில் ஏழு பாட்டைப் பதிவு செய்து வைத்தார். ஆயா இப்போது இல்லை. ஆண்டு விழாவில் அதில் ஒரு பாட்டுக்கு நாங்கள் ஆடலாம் என்று டீச்சர் சொன்னாங்க. நடுவில் வரும் இருமலையும் கோழி கூவுவதையும் வெட்டி எடுக்க வேண்டும். அதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் புது கம்ப்யூட்டரில் ஃபைலைப் போட்டதும் இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது என்று வந்துவிட்டது.

சத்தம் எப்படி ஃபைல் ஆகிறது?

புள்ளிக்கோலம் எல்லோருக்கும் தெரியும். புள்ளி நெருக்கமாக இருந்தால் வளைவு அழகாக வரும். தள்ளித்தள்ளி வைத்தால் கோணல் ஆகிவிடும். கம்ப்யூட்டரும் சத்தத்தைப் புள்ளி புள்ளியாக அளந்துதான் எழுதி வைக்கிறது. ஒரு சி.டி.யில் ஒரு நொடிக்கு 44,100 புள்ளிகள். பழைய பட்டன் போன்கள் பேச்சைப் பதிவு செய்யும்போது நொடிக்கு 8,000 புள்ளிகள்தான். அதனால்தான் அந்தக் குரல் குடத்துக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும்.

எல்லாப் புள்ளியையும் அப்படியே வைத்தால் இடம் நிறைய பிடிக்கும். அதனால் சுருக்கி வைப்பார்கள். மூன்று நிமிடப் பாட்டுக்குக் கணக்கு போட்டுப் பார்த்தேன்:

வேவ் (சி.டி. தரம், சுருக்காதது) – சுமார் 32 எம்.பி.
எம்பி3 (128 கே.பி.பி.எஸ்.) – சுமார் 3 எம்.பி.
ஏ.எம்.ஆர். (பட்டன் போன்) – 300 கே.பி.க்கும் கீழே!

ஏ.எம்.ஆர். என்பது 1999-இல் செல்போன் பேச்சுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட முறை. மெமரி குறைவாக இருந்த போன்களுக்கு அது பெரிய வரம். ஆயாவின் பாட்டும் இந்த வகைதான்.

டப்பா வேறு, உள்ளே இருப்பது வேறு

ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எழுத்துகள் டப்பா மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. உள்ளே சத்தத்தைச் சுருக்கிய முறைக்கு கோடெக் என்று பெயர். சுருக்கிய முறை தெரிந்தால்தான் விரிக்க முடியும்.

எங்கள் மாமா பையன் ஒரு யோசனை செய்தான். ஃபைலின் கடைசிப் பெயரை எம்பி3 என்று மாற்றினான். திறந்ததா? இல்லை! உப்பு டப்பாவில் சர்க்கரை என்று சீட்டு ஒட்டினால் காபி இனிக்குமா?

இன்னொரு விஷயம். ஆடாசிட்டியில் 'இம்போர்ட் ரா டேட்டா' என்று ஒன்று இருக்கிறது. சுருக்கிய ஃபைலை அதில் போட்டால் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல்தான் வரும். அதைக் கேட்டு பாட்டு போச்சு என்று அழ வேண்டாம். சுருக்காத ஃபைலுக்குத்தான் அந்த வழி. அதிலும் 8,000 புள்ளியில் எடுத்ததை 44,100 என்று சொல்லித் திறந்தால் ஐந்தரை மடங்கு வேகத்தில் ஓடும். ஆயா குரல் அணில் குரல் ஆகிவிடும்!

புது கம்ப்யூட்டரில் என்ன மாறிவிட்டது?

ஆடாசிட்டி 2000-இல் வெளியானது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் என்ற இருவர் தொடங்கியது. வேவ், எம்பி3, ஆக், ஃப்ளாக் வகைகளை அது தானாகவே திறக்கும். ஏ.எம்.ஆர்., எம்4ஏ, டபிள்யூ.எம்.ஏ. போன்றவற்றுக்கு எஃப்.எஃப்.எம்பெக் என்ற துணை மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். சில சுருக்கும் முறைகளுக்குக் காப்புரிமை இருப்பதால் அதைச் சேர்த்தே தர அவர்களால் முடியவில்லை. எம்பி3-க்கும் முன்பு இதே கதைதான். எம்பி3 ஆகச் சேமிக்க லேம் என்ற ஒன்றைத் தனியாகப் போட வேண்டியிருந்தது. காப்புரிமைகள் 2017 வாக்கில் முடிந்தன. 2019 முதல் லேம் ஆடாசிட்டிக்குள்ளேயே வருகிறது.

அடுத்தது 32, 64 விஷயம். இவை கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அளவு. பழைய கம்ப்யூட்டர்கள் பல 32 பிட். 2021-இல் வந்த விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களுக்கு 64 பிட் மட்டும்தான். விண்டோஸுக்கான ஆடாசிட்டியும் 2021-இல்தான் 64 பிட்டில் வந்தது. 64 பிட் ஆடாசிட்டிக்கு 64 பிட் எஃப்.எஃப்.எம்பெக்தான் பொருந்தும். பழைய பென்டிரைவில் இருக்கும் 32 பிட்டைப் போட்டால் பொருந்தாது. போல்ட் நல்ல போல்ட்தான், நட்டும் நல்ல நட்டுதான். ஆனால் மரை வேறு!

என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் மூல ஃபைலை வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூலத்தில் கை வைக்கக் கூடாது.

2. ஃபைலின் அளவைப் பாருங்கள். 0 கே.பி. என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

3. வி.எல்.சி. பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதில் பாடினால் ஃபைல் நன்றாக இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளுக்குத்தான் அந்தக் கோடெக் தெரியவில்லை.

4. ஆடாசிட்டியில் 'ஹெல்ப்' மெனுவில் 'அபவுட்' போனால் அது 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியும். அதே பிட் எஃப்.எஃப்.எம்பெக்கைப் போடுங்கள். 'எடிட்', 'பிரிபரன்சஸ்', 'லைப்ரரீஸ்' என்று போனால் அதைக் கண்டுபிடித்ததா என்று காட்டும்.

5. அதுவும் முடியவில்லையா? வி.எல்.சி.யில் 'மீடியா', 'கன்வர்ட்' என்று போய் வேவ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். வேவ் ஃபைலை எல்லா எடிட்டிங் மென்பொருளும் திறக்கும். ஆனால் மாற்றுவதால் குரல் தெளிவு கூடாது. போன் விட்டுவிட்ட புள்ளிகள் திரும்பி வராது.

6. வேலை முடியும்வரை வேவ் ஆகவே வைத்திருங்கள். எம்பி3-ஐ மறுபடி மறுபடி எம்பி3 ஆகச் சேமித்தால் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது போல மங்கிக்கொண்டே போகும்.

7. பழைய ஆடாசிட்டி வேலைகளில் ஏயூபி என்ற ஃபைலும் 'டேட்டா' என்று முடியும் ஃபோல்டரும் சேர்ந்தே இருக்கும். ஃபைலை மட்டும் பென்டிரைவில் எடுத்து வந்தால் சத்தம் வராது. 2021 முதல் எல்லாம் ஏயூபி3 என்ற ஒரே ஃபைலில் வருகிறது. புதுசு பழசைத் திறக்கும், பழசு புதுசைத் திறக்காது.

இப்படிச் செய்ததில் ஆயாவின் ஆறு பாட்டு திறந்துவிட்டது. ஏழாவது ஃபைல் 0 கே.பி. அது என்ன பாட்டு என்று சித்தப்பாவுக்கும் ஞாபகம் இல்லை.

நாம் மட்டும் இல்லை

தமிழ் எழுத்துக்கும் இதே தொல்லை இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் பொதுத் தரமாக அறிவித்தது. எல்லோரும் ஒரே முறைக்கு வந்தால் கஷ்டம் குறைகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்திய மொழி ஆய்வுக்காக 1913 முதல் 1929 வரை நம் நாட்டுப் பேச்சுகளை இசைத்தட்டில் பதிந்தார்கள். தமிழும் அதில் உண்டு. இசைத்தட்டு சுழற்றும் கிராமபோன் இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? ஆனாலும் அந்தக் குரல்களை இன்றும் கேட்கலாம். காரணம், கருவி இருக்கும்போதே யாரோ அடுத்த முறைக்கு மாற்றி வைத்தார்கள்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய போன், மெமரி கார்டு, கேசட் இருக்கும். அதில் தாத்தாவின் கதையோ, ஆயாவின் தாலாட்டோ இருக்கலாம். பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். திறக்கவில்லை என்றால் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் அறைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சிறுசேரி