யார் யாரிடம் குனிவது?

ஆனைகட்டியில் கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கோவை மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காட்டு அட்டப்பாடி. யானை மட்டும் கேட்காமல் கடக்கிற இந்த எல்லையோரத்தில்தான் 1990-ல் சுவாமி தயானந்த சரஸ்வதி ஆர்ஷ வித்யா குருகுலத்தைத் தொடங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதே பெயரில் ஒரு குருகுலம் தொடங்கியிருந்தார். கடல் தாண்டிப் போய்ப் போதிப்பவர் என்றால் வெள்ளை அங்கிப் பாதிரியார் மட்டும்தான் என்று நினைக்கும் நம் பழக்கத்துக்கு இது ஒரு சின்னத் திருத்தம்.

1999 அக்டோபரில் அந்தச் சுவாமி போப் இரண்டாம் ஜான் பாலுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். மதமாற்றம் ஒரு வன்முறை, அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். நவம்பரில் போப் டெல்லி வந்தார். மூன்றாவது ஆயிரமாண்டில் ஆசியாவில் விசுவாசத்தின் பெரிய அறுவடை நடக்கும் என்று நம்பிக்கை தெரிவித்துவிட்டுப் போனார். விரும்பிய மதத்தைத் தழுவுவதும் பரப்புவதும் அரசியல் சாசனம் தந்த உரிமை, பள்ளியும் ஆஸ்பத்திரியும் யார் கட்டியது என்று கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. என் அக்கறை அதற்கு அடுத்து நடந்ததில்தான்.

2000 மார்ச் 12 அன்று ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் எண்பதை நெருங்கிய போப், திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். பிற மக்களின் உரிமைகளையும் பண்பாடுகளையும் மதங்களையும் மதிக்காமல் நடந்தது அந்த ஏழு அறிக்கைகளில் ஒன்று. ஆனால் கேட்டது கடவுளிடம். காயப்பட்டவர் வீட்டு வாசலில் யாரும் போய் நிற்கவில்லை.

மன்னித்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. 1999 ஜனவரியில் ஒடிசாவில் கணவரையும் இரண்டு மகன்களையும் தீயில் பறிகொடுத்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொல்லிவிட்டு மேலும் சில ஆண்டுகள் அங்கேயே தொழுநோயாளிகளுக்குப் பணி செய்தார். எழுத எழுதத் தீராத கதை அது. மன்னிப்புக் கேட்பவர்தான் நம் கண்ணில் படுவதில்லை. ஏனென்றால் நம் ஊரில் மன்னிப்புக்கு ஒரு திசை உண்டு. கீழே இருப்பவன்தான் மேலே இருப்பவன் காலில் விழுவான். கொங்கு நாட்டுக் கிராமங்களில் பஞ்சாயத்துத் தீர்ப்பாகவே அதைப் பார்த்தவர்கள் உண்டு. அது மன்னிப்பு இல்லை, தண்டனை.

திசையைத் திருப்பிக் காட்ட வேண்டிய கட்டம் ஒரு மிஷனரிக்கு இங்கேயே வந்தது. ராபர்ட் கால்டுவெல் 1838 ஜனவரியில் சென்னையில் கப்பல் இறங்கினார். தமிழ் படித்தார். தெற்கே போக வேண்டிய நேரம் வந்ததும் கோயம்புத்தூர், நீலகிரி என்று சுற்றி மக்களைப் பார்த்துக்கொண்டே நடந்து போனார். 1841 முதல் இடையன்குடியின் தேரிக்காடும் வெயிலும்தான் அவர் வாழ்க்கை. அங்கே அவர் எழுப்பிய ஆலயத்தைக் கட்டி முடிக்கவே முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது 1849-ல் அவர் எழுதிய சிறுநூலைப் பற்றி. தாம் யாரிடையே ஊழியம் செய்தாரோ, அந்தப் பனையேறி நாடார் மக்களைப் பற்றியது அது. மிஷன் பணிக்கு ஆதரவு தேடுகிற எழுத்துகளுக்கு அன்று ஒரு வாய்ப்பாடு இருந்தது: எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறார்கள் பாருங்கள், நாங்கள் எவ்வளவு உயர்த்துகிறோம் பாருங்கள். அந்த வாய்ப்பாட்டில்தான் அந்த மக்களின் அறிவும் ஒழுக்கமும் பூர்வீகமும் அளக்கப்பட்டன. படிக்கப்போவது இங்கிலாந்துக்காரர்கள்தானே என்ற எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் மிஷனரிகள் நடத்திய பள்ளிகளிலேயே ஆங்கிலம் படித்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டார்கள்! சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் 1857-ல் பிரகாசபுரம் முக்குப்பேரியில் ஐரோப்பியர் கையில்லாத ஒரு இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கொதிப்பும் இருந்தது. நாடார் சமூகத்தவர் 1880-கள் வரை விடவில்லை. மறுப்பு நூல்கள் வந்தன, மனுக்கள் கடல் தாண்டின. கடைசியில் அந்தச் சிறுநூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

விலக்கிக்கொள்வது வேறு, மன்னிப்புக் கேட்பது வேறு. பிஷப்பாகி, முதுமையில் கொடைக்கானல் ஏறி, 1891 ஆகஸ்டில் கால்டுவெல் அங்கே இறந்தார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு ஆலயத்துக்குள் அடக்கமானது. அந்த மக்களுக்காக அரை நூற்றாண்டைக் கொடுத்தவர் அவர். நாம் எல்லோரும் இன்று கொண்டாடும் அறிஞரும்கூட. அந்த மக்கள் நடுவில் நின்று, நான் எழுதியது உங்களை நோகடித்துவிட்டது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்த மனுக்களுக்குத் தேவையே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கடலுக்கு அப்பால் நடந்தது இதைவிட விசித்திரம். பசிபிக்கில், இன்றைய வனுவாட்டுவைச் சேர்ந்த எரோமாங்கா தீவில் 1839 நவம்பர் 20 அன்று ஜான் வில்லியம்ஸ், ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற இரண்டு மிஷனரிகளைத் தீவுவாசிகள் கரையிலேயே கொன்றார்கள். காரணம் சந்தனம். மிஷனரிகளுக்கு முன்பே சந்தன மரம் வெட்ட வந்த வெள்ளைக்காரக் கப்பல்கள் அங்கே அடாவடி செய்திருந்தன. சீனச் சந்தையில் நல்ல விலை. அடுத்து வந்த வெள்ளைக்காரன் பைபிள் கொண்டுவருகிறானா கோடரி கொண்டுவருகிறானா என்று தீவுவாசிகளுக்கு எப்படித் தெரியும்? இடுக்கியில் மறையூர்ச் சந்தனக் காட்டையும் அதைச் சுற்றிய கடத்தலையும் காவலையும் பார்த்தவர்களுக்கு, ஒரு மரத்தின் வாசனை என்னவெல்லாம் செய்யும் என்று விளக்க வேண்டாம்.

சரியாக 170 வருஷம் கழித்து, 2009-ல் அதே தேதியில், வில்லியம்ஸின் வாரிசுகள் இங்கிலாந்திலிருந்து அந்தத் தீவுக்குப் போனார்கள். தீவு மக்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கொலை நடந்த விரிகுடாவுக்கே வில்லியம்ஸ் பெயர் வைத்தார்கள். போன உயிருக்கு ஈடாக, தீவின் வழக்கப்படி ஒரு சிறுமியை அடையாளமாக அந்தக் குடும்பத்திடம் ஒப்படைக்க, அவள் படிப்புப் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிஜித் தீவிலும் இப்படித்தான். 1867-ல் தாமஸ் பேக்கர் என்ற மிஷனரியைக் கொன்று தின்ற மலைக்கிராமம், 2003-ல் அவர் வாரிசுகளை வரவழைத்துத் திமிங்கலப் பற்களைக் கையில் வைத்து மன்னிப்புக் கேட்டது.

மனதைத் தொடுகிற காட்சிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கேயும் குனிந்தவர்கள் யார்? தீவுக்காரர்கள். சந்தனத்தை அள்ளிக்கொண்டு போனவர்களின் கணக்கை எந்த வாரிசு வந்து தீர்ப்பது?

அதனால்தான் 2022 ஜூலை 25 எனக்கு முக்கியமாகப்படுகிறது. 85 வயதில், முழங்கால் வலியோடு, சக்கர நாற்காலியில் போப் பிரான்சிஸ் கனடாவின் மாஸ்குவாசிஸ் வரை போனார். பூர்வகுடிக் குழந்தைகள் ஒன்றரை லட்சம் பேரைக் குடும்பங்களிலிருந்து பிரித்து அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்த, திருச்சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் ஒன்று இருந்த மண் அது. அந்தப் பள்ளிகளில் படித்து உயிரோடு இருந்தவர்களின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். போதாது, நிறுவனத்தின் தவறாகச் சொல்லவில்லை என்ற விமர்சனமும் வந்தது. இருந்தாலும் வாசலுக்குப் போனார்.

நம் மலைக்கு யார் வந்தார்கள்? 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் அரிசி திருடினார் என்று சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரைக் கட்டி அடித்தார்கள், பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுத்தார்கள். அவர் இறந்தார். அடுத்த சில நாட்கள் கேரளமே, பெரிய நடிகர் முதல், சமூக வலைதளத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. வழக்கு நடந்தபோது இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பிறழ்சாட்சி ஆனார்கள். தாயும் சகோதரியும் விடாமல் போராடித்தான் 2023 ஏப்ரலில் பதினான்கு பேர் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு வந்தது.

பதிவு போடுவது எளிது. எழுதியதை அழிப்பதுதான் கஷ்டம். என்னை உறுத்துவதும் அதுதான். இருளர், முடுகர், குறும்பர் பற்றி வெளியாட்கள் எழுதியதெல்லாம் அப்படியே கிடக்கிறது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் வந்தது 1909-ல். மூக்கையும் மண்டையையும் அளந்து மனிதர்களை வகை பிரித்த காலத்துப் புத்தகம். அதன் இரண்டாம் தொகுதியில் இருளர் வருகிறார்கள். இன்னும் அது மறுபதிப்பாகிறது, கல்லூரி ஆய்வேடுகளுக்கு அதிலிருந்து பத்தி பத்தியாக எடுக்கிறார்கள். நாங்கள் பத்திரிகைக்காரர்கள் மட்டும் என்ன? அட்டப்பாடியில் குழந்தைகள் இறந்த செய்தி வரும்போதெல்லாம் போய், குடி, அறியாமை என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்துவிட்டு இறங்குகிறோம். நிலம் யார் கைக்குப் போனது, ராகியும் சாமையும் விளைந்த காடு என்ன ஆனது என்பது கடைசிப் பத்தியில் வரும், இடம் இருந்தால். நாடார்களுக்கு ஆங்கிலம் படித்த ஒரு தலைமுறை இருந்தது, மனு எழுதியது. இருளர் ஊரில் இன்றைக்குக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் நூலகத்தில் தங்கள் தாத்தாவைப் பற்றி என்ன படிக்கிறார்கள் என்று யாராவது கேட்டோமா?

அந்தத் தொகுதிகளை மறுபதிப்புச் செய்கிறவர்கள் ஒன்று செய்யலாம். இருளர் பற்றிய பகுதியை ஆனைகட்டி, அட்டப்பாடி ஊர்களுக்கு எடுத்துப் போய், மூப்பனும் பெரியவர்களும் படித்த பிள்ளைகளும் கூடியிருக்கும்போது வரி வரியாகத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லிக் காட்டட்டும். எது பொய், எது அவமானம், எது சரி என்று அவர்கள் சொல்வதை, திட்டினால் திட்டையும் சேர்த்து, அடுத்த பதிப்பில் அந்தப் பகுதிக்கு முன்னாலேயே அச்சடிக்கட்டும்.