காரின் கணினியை ஏமாற்றும் கம்பி

பழைய எஸ் கிளாஸ் மெர்சிடிஸ் ஒன்று இன்றைக்குப் புதிய மைவியின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கிறது. ஒரு காலத்தில் டத்தோக்கள் மட்டுமே ஏறிப் போன காரைப் பிறைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர்களும் வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். வாங்கிய கையோடு அடுத்த ஆசை வருகிறது, வண்டியைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும் என்று.

சாதாரண காராக இருந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், செலவு ஆகும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள காருக்கு அது தேவையில்லை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நான்கு சிறு கம்பிகள் போதும். ‘லோவரிங் லிங்க்’ என்ற பெயரில் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. மாட்டுவதும் பெரிய வேலை இல்லை. “ஒன்னும் ஆகாதுண்ணே, பிடிக்கலன்னா திரும்பக் கழட்டிடலாம்” என்று பட்டறையில் சொல்வார்கள். கழற்றிவிடலாம் என்பது உண்மை. ஒன்றும் ஆகாது என்பது உண்மையில்லை.

காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கு மேலே விரல் நீளத்தில் ஒரு கம்பி நிற்பது தெரியும். இரண்டு முனையிலும் குண்டு மூட்டு. கீழ்முனை சக்கரத்தோடு ஏறி இறங்கும் கையில் மாட்டியிருக்கும், மேல்முனை காரின் உடம்பில் பொருத்திய உயர சென்சாரின் நெம்பில் மாட்டியிருக்கும். அந்த நெம்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணினி தெரிந்துகொள்கிறது. நாலு பேர் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்ப்ரசரை ஓட்டி ஏர் ஸ்பிரிங்கில் காற்றை ஏற்றும். எல்லாரும் இறங்கியதும் வால்வைத் திறந்து காற்றை விடும். கணினிக்குச் சக்கரமும் தெரியாது, சாலையும் தெரியாது. அந்தக் கம்பி சொல்வது மட்டுமே தெரியும்.

கம்பியின் நீளத்தை மாற்றினால் நெம்பு வேறு கோணத்துக்குப் போகும். கார் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டதாகக் கணினி நம்பி, காற்றை வெளியே விடும். கம்பி மாட்டியிருக்கும் இடம் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், கம்பியில் சில மில்லிமீட்டர் மாற்றினாலே சக்கரத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரலாம். வண்டி 30 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். ஆனால் கணினியைக் கேட்டால் உயரம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லும். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஆபத்தின் வேர் இந்த மௌனத்தில்தான் இருக்கிறது. ஏனென்றால் மற்ற எல்லாப் பாதுகாப்புக் கணக்குகளையும் கணினி அந்தத் தவறான உயரத்தின் மேல்தான் போடுகிறது.

இந்த வகைக் கார்களில் பல, நெடுஞ்சாலை வேகத்தில் தானாகவே ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் தாழும்படி வடிவமைக்கப்பட்டவை. நீங்கள் லிங்க் போட்டுத் தாழ்த்தியது அதற்கு மேல் கூடும். பினாங்குப் பாலத்தில் ஏறி வேகம் எடுத்ததும் வண்டி இன்னும் இறங்குகிறது. பாலத்தின் இணைப்பு இடுக்கில் ஏறும்போது சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஓட இடம் போதாமல் தடுப்பு ரப்பரில் மோதுகிறது. அந்த நேரத்தில் சக்கரம் சாலையை விட்டு எழும்பினால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பிடி தராது. பிறைச் சாலைகள் கொள்கலன் லோரிகள் ஓடும் சாலைகள். துறைமுகத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே தாரில் விழும் குழிகளும், தாமான்களுக்குள் ஆளுக்கொரு அளவில் போட்டிருக்கும் மேடுகளும் தாழ்ந்த காருக்கு ஆகாது.

டயர் இன்னொரு கதை. வண்டி தாழ்ந்தால் சக்கரங்கள் தலைப்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதிது போலிருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால்தான் கம்பி வலை வெளியே வந்திருப்பது விரலில் தட்டுப்படும். நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க அது போதும்.

முகப்பு விளக்கை மறந்துவிடுகிறார்கள். செனான் விளக்குள்ள கார்களில் ஒளி எவ்வளவு கீழே விழ வேண்டும் என்பதையும் இதே உயர சென்சார்கள்தான் தீர்மானிக்கின்றன. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் கூடுதலாக இறங்கிவிட்டால், கணினி வண்டி சமமாக நிற்பதாக நினைத்து விளக்கைத் தூக்கியே வைத்திருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து எதிரே மோட்டாரில் வருபவரின் கண்ணில் அது நேராக அடிக்கும். காரின் அழகுக்காகச் செய்த வேலைக்கு முன்பின் தெரியாத ஒருவர் விலை கொடுக்கும் நிலை இது. எனக்கு இதில்தான் மனம் ஆறுவதில்லை.

ஏர் ஸ்பிரிங்கும் ரப்பர்தான். தயாரிப்பாளர் நினைத்த உயரத்தில் மடிய வேண்டிய இடத்தில் மடியாமல் வேறு இடத்தில் மடிந்து மடிந்து வெடிப்பு விடும், காற்று கசியும். கசிவை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக் கருகும். கடைசியில் டேஷ்போர்டில் ‘வண்டி மிகத் தாழ்ந்திருக்கிறது, நிறுத்து’ என்று சிவப்பு எழுத்து வரும்போது, கம்பியில் மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு செலவு காத்திருக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது கார்க்காரருக்கு அல்ல, கம்பியை மாட்டும் பையனுக்கு. ஏர் சஸ்பென்ஷன் காரை வெறும் காற்று தூக்கி நிறுத்தியிருக்கிறது. லிங்க்கின் ஒரு முனையைக் கழற்றிய நொடியில் சென்சாரின் நெம்பு தொங்கிவிடும், கணினி தப்பாகப் புரிந்துகொண்டு அந்த மூலையின் காற்றை மளமளவென்று விடலாம். இரண்டு டன் எடையுள்ள கார் இறங்கும் வேகத்துக்கு மனிதர் உருண்டு வெளியே வர முடியாது. சாவியை எடுத்தாயிற்றே என்று நம்பவும் முடியாது. சில கார்களில் எஞ்சினை நிறுத்திப் பூட்டிய பிறகும் கணினி இடையில் விழித்து உயரத்தைச் சரிசெய்யும். ஆகவே லிஃப்டில் ஏற்றாமல், அல்லது எடை தாங்கும் ஸ்டாண்டுகளைக் காரின் உடம்புக்கு அடியில் வைக்காமல், ஜாக்கை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகவே கூடாது. சாலையோரத்தில், வீட்டுப் போர்ச்சில், ‘அஞ்சு நிமிஷம்தான்’ என்று படுத்துக்கொண்டு செய்யும் வேலை இதுவல்ல.

சாய் லெங் பார்க்கிலும் பட்டர்வொர்த்திலும் பட்டறை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்கு அந்தத் திருத்தம் தருகிறது. ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகச் சொன்னால் ‘மாட்டேன்’ என்பது சோம்பல் ஆகாது, சட்டம் கொடுத்த உரிமை. வேலைக்கு வைத்திருப்பவர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவில் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் பதிந்துகொள்ள 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இனி கார்க்காரரின் பக்கம். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் 12-ஆவது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. காரின் தொழில்நுட்ப அமைப்பில் கைவைப்பதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் கேட்டுக்கொள்வதே சரியான வரிசை. பிறையில் இருப்பவர்களுக்கு செபராங் ஜெயாவில் ஜேபிஜே கிளை பக்கத்தில்தான். சாலைச் சோதனையில் அதிகாரிகள் நிறுத்தினால் சம்மன் தரலாம். வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று தடை அறிவிப்பும் கொடுக்கலாம். பிறகு பழைய நிலைக்கு மாற்றி, சோதனைக்குக் காட்டித்தான் அதை நீக்க முடியும். விற்கும் நாளில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை வேறு இருக்கிறது.

காப்புறுதியில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விபத்தில் அடுத்தவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால், நீதிமன்றம் கொடுத்த இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டும் பொறுப்பை அதே 1987 சட்டத்தின் 96-ஆவது பிரிவு சொல்கிறது. கட்டிய பணத்தைப் பிறகு உங்களிடமிருந்து வசூலிக்க நிறுவனம் முயலலாம். உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கான கோரிக்கையில் நிலைமை வேறு. மாற்றியமைத்ததைப் பற்றி நிறுவனம் கேட்டிருந்து நீங்கள் மறைத்திருந்தால் தகராறு வரும். நிதிச் சேவைகள் சட்டம் 2013, கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் சொல்லும் கடமையைப் பயனீட்டாளர் மேல் வைத்திருக்கிறது. அதே நேரத்தில், ‘கார் மாற்றியமைக்கப்பட்டது’ என்ற ஒரே வரியில் கோரிக்கையை நிராகரித்துவிட்டால் அதோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போக வேண்டாம். நிறுவனத்தின் இறுதி முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்பாளர் சேவையில், அந்த முடிவு கிடைத்த 6 மாதத்துக்குள் புகார் செய்யலாம், பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை.

லிங்க் போட்டது நீங்கள் இல்லை, பழைய உரிமையாளர் என்றால்? இது அடிக்கடி நடக்கக்கூடியது. வாங்குபவருக்குக் கார் அழகாகத் தெரியும், ஏன் தாழ்ந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றாது. வாங்குமுன் எஞ்சினை ஓடவிட்டு, உயர்த்தும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து, அந்த மாடலின் அளவோடு ஒப்பிடுங்கள். லிஃப்டில் ஏற்றச் சொல்லி சென்சார் கம்பிகளைப் பாருங்கள். ஒரிஜினல் கம்பி பொதுவாக ஒரே துண்டாக, திருகு இல்லாமல் இருக்கும். நடுவில் மரையும் பூட்டு நட்டும் தெரிந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். வியாபாரியிடம் வாங்கிய பழைய காருக்கும் ஏற்கத்தக்க தரம் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தருகிறது. தனியாரிடம் நேராக வாங்கினால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. பொய் சொல்லி விற்றார் என்று ஒப்பந்தச் சட்டம் 1950-இன் கீழ் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பட்டறை மேல் உங்களுக்கு உள்ள உரிமை இன்னும் தெளிவானது. அதே 1999 சட்டத்தின் 53-ஆவது பிரிவு, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. லிங்க்கை மாட்டிவிட்டு வீல் அலைன்மென்ட் செய்யாமல், விளக்கைச் சரிபார்க்காமல், நான்கு மூலையும் ஒரே அளவா என்று அளக்காமல் சாவியைக் கொடுப்பது கவனமும் ஆகாது, திறமையும் ஆகாது. வாகனப் பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியது பற்றி 2002-இல் தனி விதிமுறையே வந்திருக்கிறது. அதனால் எழுத்தில் மதிப்பீடு கேட்பதற்கும், எந்தப் பொருள் மாட்டினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்வதற்கும் கூச்சப்பட வேண்டாம். தெரிந்தவர் கடை, தமிழர் கடை என்று வாய்வார்த்தையோடு விடுவதால்தான் பின்னால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறோம்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் வழி இருக்கிறது. ஒரிஜினல் கம்பிகளை மாட்டி, அந்தக் காருக்குரிய கணினிக் கருவியால் உயரத்தை மறுபடி அளவு வைத்து, பிறகு அலைன்மென்ட், பிறகு விளக்கு. இந்த வரிசை மாறக்கூடாது. உயரம் சரியாகாமல் செய்த அலைன்மென்டை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கட்டாயம் கொஞ்சம் தாழ்த்தியே ஆக வேண்டும் என்பவர்கள், தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் அதே கருவியால் செய்ய முடியுமா என்று ஏர் சஸ்பென்ஷன் தெரிந்தவரிடம் கேட்கலாம். பிறைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு அதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பட்டறை பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரக்கூடிய தொகை 50,000 ரிங்கிட் வரை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, நீங்களே பேச வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். உடற்காயத்துக்கான இழப்பீட்டை இங்கே கேட்க முடியாது, அதற்கு நீதிமன்றம்தான். சொந்த உபயோகத்துக்கான காராக இருக்க வேண்டும். மனு எழுதத் தெரியவில்லை என்றால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் மஸ்ஜித் நெகிரி சாலை அலுவலகத்தில் தமிழிலேயே விளக்கிக் கேட்கலாம்.

விசாரணைக்குப் பில், பட்டறையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், தேய்ந்த டயரின் உள்விளிம்பைத் தேதியோடு எடுத்த படம், இன்னொரு பட்டறை எழுதிக் கொடுத்த சோதனை அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கழற்றிய லிங்க்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், அது உங்கள் சாட்சிப் பொருள்.