நீர்வீழ்ச்சிக்குப் போகும் நாளில் மேல்மழையைக் கவனியுங்கள்



பொங்கல், சித்திரை வருஷப்பிறப்பு, தீபாவளி என்று நாலு நாள் லீவு கிடைத்தால் வேன் பிடித்து எங்கேயாவது போய் வருவது இப்போது நம் லயங்களில் வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். மலையில் இருக்கிற நாம் கடல் பார்க்கப் பொத்துவில், கோமாரி என்று இறங்குகிறோம். கோமாரிப் பக்கத்துச் சொந்தங்கள் நம்மிடம் வந்தால் முதலில் கேட்பது, "தண்ணி விழுகிற இடத்தைக் காட்டுங்கள்" என்பதுதான்.

இரண்டு பேருக்கும் ரோட்டு ஒன்றே. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 பாதை கொஸ்லாந்தையைத் தாண்டியதும் தியலும நீர்வீழ்ச்சியின் காலடியில் போகிறது. அதே பாதைதான் வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் வழியாகக் கோமாரிக்கும் போகிறது.

தியலுமவின் உயரம் 220 மீற்றர். இலங்கையில் 263 மீற்றர் உயரமுள்ள பம்பரகந்தவுக்கு அடுத்தது இதுதான். கீழே நின்று பார்த்துவிட்டுப் போவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் இப்போது பிள்ளைகள் உச்சிக்குப் போய், அங்கே பாறையில் இருக்கும் குளங்களில் குளிக்கிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. போனவர்கள் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பாதை எப்படி?

மேலே போக இரண்டு வழி உண்டு. கீழே ரோட்டிலிருந்து காட்டு வழியே ஏறுவது ஒன்று. இது செங்குத்து, மூச்சு வாங்கும். பூனாகலை ரோட்டில் போய், மாக்கல்தெனியப் பக்கமாக மானாப்புல் வழியே நடப்பது மற்றது. இது இலேசு என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் போகும்போது இறக்கமாக இருந்த வழிதான் திரும்பும்போது ஏற்றம். காலையில் ஓடின பிள்ளை பின்னேரம் கால் இழுத்து நடக்கும். ஆகையால் விடியவே புறப்பட்டு, பகல் 12 மணிக்குள் திரும்பத் தொடங்குங்கள். சிலிப்பரோடு போகக் கூடாது. வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

தண்ணி எங்கிருந்து வருகிறது?

இதுதான் முக்கியம். நாம் நிற்கிற இடத்தில் வெயில் காயும். ஆனால் நீர்வீழ்ச்சியில் வருவது நம் தலைக்கு மேலே பெய்கிற மழையல்ல, தூரத்து மலையில் பெய்த மழை. தியலுமவுக்குத் தண்ணி கொண்டு வருவது கிரிந்தி ஓயாவில் போய்ச் சேரும் பூனாகலை ஓயா. மேலே உள்ள மலைகளின் தண்ணி புனலில் ஊற்றினது போல அந்த ஒரே ஓடையில் வந்து சேரும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஹெக்டயர் மலையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 2,50,000 லீட்டர், அதாவது 250 தொன் தண்ணி. இப்படி 100 ஹெக்டயர் என்றால் 25,000 தொன். பாதியைக் காடும் மண்ணும் குடித்தாலும் மீதி எங்கே போகும்? தேயிலை மலையில் நாம் கான் வெட்டுவதே தண்ணியைச் சீக்கிரம் இறக்கத்தான். அந்தக் கான் தண்ணி முழுக்க ஓடைக்குத்தான் வரும். முழங்கால் அளவு தண்ணியே வேகமாக வந்தால் பெரிய ஆளையும் சாய்த்துவிடும்.

எந்தக் காலத்தில் போகலாம்?

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலையில் வெயிலடித்துப் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். நம் லீவு நாட்கள் பலவும் இந்த மாதங்களில்தான் வருகின்றன என்பதை மறக்க வேண்டாம். கொஸ்லாந்தை மீரியபெத்த மண்சரிவு நடந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. டித்வா புயல் வந்தது 2025 நவம்பர் கடைசியில். அந்தப் புயலில் மலைநாட்டில் பல சரிவுகள் இடிந்து விழுந்தன. போன வருஷம் நடந்த பாதைதானே என்று இறங்காமல், இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் போங்கள். கச்சான் வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தண்ணி குறைவு. ஆனால் அப்போது மானாப்புல் காய்ந்திருக்கும், ஒரு பீடித் துண்டு போதும் மலையே எரிய.

தண்ணி கூடுவதன் அடையாளம்

தெளிந்த தண்ணி கலங்கும். இலை, சுள்ளி மிதந்து வரும். இரைச்சல் மாறும். காய்ந்திருந்த கல் நனையும். இதில் ஒன்றைக் கண்டாலும் சாப்பாட்டுப் பார்சல், போன் எதையும் எடுக்க நிற்காமல் கரையேறி, உயரமான இடத்துக்குப் போக வேண்டும். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடக் கூடாது. ஓடையைக் கடந்து அக்கரையில் உட்காராதீர்கள். தண்ணி கூடினால் திரும்பி வர முடியாது.

கடலும் குளமும் ஒன்றல்ல

"கடலிலேயே நீந்துகிறவன் நான், இந்தக் குழி எம்மாத்திரம் மச்சான்?" என்பார் கோமாரித் தம்பி. "இது நம்ம மலைதானே" என்பான் நம் பையன். இரண்டும் பிழை. உப்புத் தண்ணி ஆளைத் தூக்கிக் கொடுக்கும், நல்ல தண்ணி அந்த அளவுக்குத் தூக்காது. வீழ்ச்சிக்கு அடியில் வெள்ளையாக நுரைக்கிற தண்ணியில் பாதி காற்று, அதில் ஆள் மிதப்பது கஷ்டம். குளிர்ந்த தண்ணியில் திடீரென்று குதித்தால் மூச்சுத் திணறும். அடியில் கல் இருப்பதும் மேலே தெரியாது. பாசி படிந்த பாறை சவர்க்காரம் பூசின மாதிரி வழுக்கும். உச்சியின் விளிம்புக்குப் போய்ப் படம் எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். சாராயம் குடித்தவரைத் தண்ணியில் இறங்க விடாதீர்கள்.

குளவிக்கொட்டு பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாறை முகட்டிலும் பெரிய கூடுகள் தொங்கும். அங்கே நெருப்பு மூட்டாதீர்கள், கல் எறியாதீர்கள்.

ஆள் விழுந்துவிட்டால்

உடனே பின்னால் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாமவரும் போய்விடுவார். கரையில் உறுதியாக இருந்துகொண்டு கயிறு, நீளக் கம்பு, இல்லாவிட்டால் முறுக்கின சேலையை வீசுங்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸுக்கும் 119 என்ற பொலிஸ் இலக்கத்துக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மலையில் சில இடங்களில் சிக்னல் இல்லை. ஆகவே எந்த வழியால் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று லயத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

போகும் நாளன்று காலையில் வானொலியில் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். மேலே உள்ள தோட்டத்தில் சொந்தக்காரர் இருந்தால், "அங்கே மழையா?" என்று போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். மழை என்று சொன்னால் அன்றைக்கு ரோட்டில் நின்றே தியலுமவைப் பார்த்துவிட்டு வாருங்கள். விருந்தாளிக்கு மனவருத்தம் வந்தாலும் பரவாயில்லை. நீர்வீழ்ச்சி அடுத்த லீவுக்கும் அங்கேயே இருக்கும், நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.