பாஸ்வேர்டு சரி... ஆனாலும் உள்ளே விடாத உபுண்டு: ஃபார்மட் செய்யும் முன் இதைப் பாருங்க!

பாஸ்வேர்டு கொடுத்ததும் திரை கறுத்து, மீண்டும் லாகின் பக்கத்துக்கே வருகிறதா? பாஸ்வேர்டு தப்பு என்றால் உபுண்டு சொல்லிவிடும். எதுவும் சொல்லாமல் திருப்பி அனுப்பினால், டிஸ்க் நிரம்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. டெஸ்க்டாப் திறக்கும்போது சில சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும்; அதற்குக்கூட இடமில்லை என்றால் அப்படியே வெளியே வந்துவிடும்.

இதற்காக ஃபார்மட் செய்து போட்டோக்களை இழக்க வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கறுப்புத் திரையில் லாகின் செய்யுங்க. (பாஸ்வேர்டு டைப் செய்யும்போது எழுத்து எதுவும் தெரியாது, பயப்படாதீங்க.) ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'டிஎஃப் -எச்' கொடுங்க. '/' வரியில் 100% எனக் காட்டினால் சிக்கல் அதுதான். 'சுடோ ஆப்ட் கிளீன்' கொடுத்தால், டவுன்லோடு ஆகித் தேங்கிய பேக்கேஜ் ஃபைல்கள் மட்டும் அழியும். பிறகு 'சுடோ ரீபூட்'.