மரத்தின் உள்ளியல்பை ஒளியால் அறிதல்

வீரமுனையிலே எங்கள் பாடசாலைக்கு மேசையும் வாங்கும் செய்ய வந்த முதிய தச்சர் ஒருவர், மரக்காலையிலே பலகையைத் தட்டி ஓசை கேட்பார். சீவலை மோந்து பார்ப்பார். பின்னர், "இது நல்ல முதிரை, ஐயா" என்பார். அவர் தீர்ப்புப் பிழைத்ததை நான் கண்டதில்லை. ஆயினும், அம்மரத்தில் எப்பொருள் எத்தனை பங்கு உண்டு என வினவினால், அவரால் விடை கூறல் இயலாது. மரத்தை வெட்டி வீழ்த்தாமலே அவ்வினாவிற்கு விடை காணும் முறை ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

உலர்ந்த மரத்திலே ஏறக்குறைய நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு செலுலோசு ஆகும். மரத்திற்கு நார்வலிமை தருவது அதுவே. அரைச்செலுலோசு என்பது 20 முதல் 30 பங்கு. நாரோடு நாரை ஒட்டிவைக்கும் பசை போன்ற இலிக்னினும் ஏறக்குறைய அத்துணையே. எஞ்சிய சிறு பகுதி பிசின், எண்ணெய், நிறப்பொருள் முதலியன. மரத்தின் மணமும், கறையானை எதிர்க்கும் ஆற்றலும் பெரும்பாலும் இச்சிறு பகுதியினாலேயே அமைகின்றன.

இவற்றின் அளவை அறிவதால் வரும் பயன் யாது? 1956ஆம் ஆண்டிலே வாழைச்சேனையில் நிறுவப்பெற்ற காகித ஆலையை நேயர்கள் அறிவீர்கள். அங்கே வைக்கோலிலிருந்து காகிதம் செய்தனர். வைக்கோலாயினும் மரமாயினும், வெண்மையான நல்ல காகிதத்திற்கு வேண்டுவது செலுலோசு, நீக்கவேண்டுவது இலிக்னின். இலிக்னின் மிகுந்தால் அதனைக் கரைத்து அகற்ற இரசாயனப் பொருளும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். ஆதலின், எம்மரத்தில் இலிக்னின் குறைவு என்பதை நடுவதற்கு முன்னரே அறிதல் பெருநன்மையாகும்.

பழைய முறையில், மரத்தைத் தூளாக்கி, பிசினைக் கழுவி நீக்கி, நூற்றுக்கு 72 பங்கு செறிவுள்ள சல்பூரிக்கமிலத்தில் இடுவர். செலுலோசு கரைந்துபோகும், இலிக்னின் எஞ்சும். அதனை உலர்த்தி நிறுப்பர். முறை நம்பத்தக்கதே, ஆனால் ஒரு மாதிரிக்கு ஓரிரு நாட்கள் செல்லும். ஆயிரம் மரங்களை இவ்வாறு ஆராய்வது எங்ஙனம்?

இங்கேதான் ஒளி துணைக்கு வருகின்றது. 1800ஆம் ஆண்டிலே வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர், அரியத்தினாற் பிரிந்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். சிவப்பிற்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தோன்றாத இடத்திலும் வெப்பம் ஏறக் கண்டார். அதுவே செந்நிறக் கீழ்க் கதிர். அதிலே சிவப்பை அடுத்துள்ள பகுதி, ஏறக்குறைய 780 முதல் 2500 நனோமீற்றர் வரையுள்ள அலைநீளங்களைக் கொண்டது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வருவது ஒரு நனோமீற்றர்.

வீணையின் தந்தியை மீட்டினால், அடிப்படைச் சுரத்தோடு மெல்லிய மேற்றொனிகளும் எழுகின்றன அல்லவா? மூலக்கூறுகளில் ஐதரசனைக் காபனோடும் ஒட்சிசனோடும் இணைக்கும் பிணைப்புகளும் அவ்வாறே அதிர்கின்றன. அவ்வதிர்வின் மேற்றொனிகளுக்கு இசைந்த ஒளியை மரம் உட்கொள்கின்றது, ஏனையதைத் திருப்பிவிடுகின்றது. திரும்பிய ஒளியை அலைநீளம் அலைநீளமாக அளந்தால், ஏறி இறங்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். இதற்கு ஒரு நிமிடமே போதும். நிற்கும் மரத்தைத் துளைத்துப் பென்சில் பருமனான ஒரு துண்டை எடுத்தாலே ஆய்வு நடைபெறும். மரம் தொடர்ந்து வாழும்.

1960களில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த காள் நொரிஸ் தானியங்களின் ஈரத்தை அளக்க இவ்வழியைப் பயன்படுத்தினார். 1990களில் அவுஸ்திரேலிய அறிஞர்கள் யூக்கலிப்டசு மரங்களிற் காகிதக் கூழ் எவ்வளவு கிடைக்கும் என்பதை இதனால் மதிப்பிட்டனர்.

ஆனால், அவ்வளைகோடு தானாக எதனையும் கூறிவிடாது. செலுலோசின் குறியும் இலிக்னினின் குறியும் அதிலே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. நீரோ 1450, 1940 நனோமீற்றர்களுக்கு அண்மையில் வலிய தடம் பதித்து ஏனையவற்றை மறைக்கும். ஆதலின் மாதிரிகளின் ஈரம் ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். முதலிலே பல மாதிரிகளைப் பழைய அமிலமுறையால் ஆராய்ந்து, அவ்விடைகளையும் வளைகோடுகளையும் கணக்கியலால் இணைத்துக் கருவிக்குக் கற்பித்தல் வேண்டும். பின்னர், அது காணாத மாதிரிகளைக் கொடுத்துச் சோதித்தல் வேண்டும். மாணவனுக்குப் பாடத்தைக் கற்பித்து, அறியாத வினாவைக் கொடுத்துப் பரீட்சிப்பது போன்றதே இது.

இதிலே நாம் மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. யூக்கலிப்டசைக் கற்ற கருவி முதிரையையும் பாலையையும் அறியாது. கேட்டால் விடை தரும், ஆனால் அவ்விடை பிழையாகலாம். கருவியை வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கலாம். நம் மரங்களைப் பற்றிய அறிவை அவ்வாறு வாங்கல் இயலாது. நம் ஆய்வுகூடங்களிலே, நம் பிள்ளைகள் பொறுமையோடு கரைத்தும் உலர்த்தியும் நிறுத்தும் அதனைத் தேடவேண்டும்.

அம்முதிய தச்சரின் செவியும் ஒருநாளிற் பழகியதன்று. எத்தனையோ பலகைகளைத் தட்டி, அறுத்து, உள்ளே கண்டதை ஓசையோடு ஒப்பிட்டே அவர் கற்றார். கருவி கற்கும் வழியும் அதுவே.